தரைக்குக் காவல்

கொரீன் பெல்கோனனுக்குத் தரையைப் பார்க்காமல் ஒரு வீட்டுக்குள் நுழையத் தெரியாது. கல்யாண வீடோ துக்க வீடோ, வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே கண் கீழே போய்விடும். மனிதர்களெல்லாம் அப்புறம்தான். ஒருமுறை தேவாலயத்தில் மாமனாரின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்த மூலையில ஈரம் ஏறுது," என்று கணவனின் காதில் சொன்னவள் அவள்.

அந்த டிசம்பரில் அவள் கணவன் வெஸ், காற்றுப் புகாத ஒரு வீட்டுக்குள் கேஸ் ஹீட்டர்களை எரியவிட்டு, புதிதாகப் போட்ட கான்கிரீட் தரைக்குக் காவலாகப் படுத்திருந்தான். அவன் அங்கிருந்து உயிரோடு வெளியே வருவானா என்பதுதான் அந்த வாரத்தின் ஒரே கேள்வி. அதை யாரும் கேட்கவில்லை. தரை எப்படி வரும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொரீன் இரும்புச் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில். வீட்டுக்கு அடியில் வெறும் மண் நிலவறை, மேலே பலகை, அதன்மேல் தேய்ந்த லினோலியம் விரிப்பு. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வீட்டில் எல்லோரும் இரட்டைக் காலுறையோடு திரிவார்கள். அப்படியும் கால்விரல்கள் நீலமாகத்தான் இருக்கும். பள்ளி முடித்ததும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே பிடித்தது ஒன்றே ஒன்று: நீராவிக் குழாய் ஓடும் இடத்தில் நின்றால் கால் சுடும்.

வெஸ் நிலவறைக்கும் கார் கொட்டகைக்கும் கான்கிரீட் போடுகிறவன். பெரிய உடம்பு, சின்னக் குரல். கல்யாணமான சில வருஷங்களில் அவனுடைய ஆள் ஒருவன் முதுகைப் பிடித்துக்கொண்டு போய்விட, கொரீன் தூசி உறிஞ்சும் மெஷினைத் தள்ள வந்தாள். யாரோ ஒருவருடைய கார் கொட்டகையில் பழைய பெயிண்டைச் சுரண்ட, வாடகைக்கு எடுத்த பாலிஷ் மெஷினை ஓட்டச் சொன்னான். அவள் ஒரே இடத்தில் அதிக நேரம் நின்றுவிட்டாள். பெயிண்ட் போய், சாம்பல் தோல் போய், உள்ளிருந்த கற்கள் மேலே வந்தன. கறுப்பு, செம்பு, பச்சை. தெளிந்த ஆற்றில் தண்ணீருக்கு அடியில் தெரிகிற மாதிரி.

"யோவ், இங்க வாயேன்!"

"என்ன, ஓட்டை போட்டுட்டியா?"

"பாருய்யா."

வெஸ் பார்த்தான். "அழகாத்தான் இருக்கு. கார் இதப் பாத்து ரசிக்குமா?"

"காருக்கு யார் சொன்னா? வீட்டுக்கு."

அவர்கள் சொந்த வீட்டில்தான் முதல் தரை. அடியில் வெந்நீர்க் குழாய், மேலே கான்கிரீட், அதை அவள் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினாள். வெஸ்ஸின் அக்கா பார்க்க வந்தாள். "நிலவறையத் தூக்கி ஹால்ல வெச்சுட்டீங்களா? பாவம், கம்பளம் வாங்கக் காசு இல்லன்னா என்கிட்ட கேக்கறதுதானே," என்றாள். வெளியே மைனஸ் இருபது. கொரீன் அவளைக் காலுறையைக் கழற்றச் சொன்னாள். அக்கா அன்று மாலைவரை கிளம்பவில்லை. சாப்பாட்டைக்கூடத் தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டாள். அடுத்த கோடையில் அவள் வீட்டிலும் அதே தரை.

ஆல்டர் என்கிற அந்தச் சின்ன ஊரைச் சுற்றி ஏரிகள். ஏரிகளைச் சுற்றி வீடுகள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், குளிரில் வெறுங்காலோடு நடக்க ஆசைப்பட்டவர்களெல்லாம் பெல்கோனன் தம்பதியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வெஸ் போடுவான், கொரீன் தேய்ப்பாள். பனியோடு வரும் பூட்ஸும், உப்பும், ஈர நாயும், விறகுக் கட்டையும், எல்லாவற்றையும் தாங்குகிற தரை.

ஆனால் அந்தத் தரை எதையும் மறைக்காது. கம்பளத்துக்கு அடியில் போகிற கான்கிரீட் எப்படி இருந்தாலும் யாருக்கும் தெரியாது. பாலிஷ் போட்ட கான்கிரீட் தான் பிறந்த அன்று நடந்ததை எல்லாம் காலத்துக்கும் காட்டிக்கொண்டிருக்கும். ஒருபக்கம் சூடு, ஒருபக்கம் குளிர் என்றால் இரண்டு நிறம். ஈரத்தில் விழுந்த பலகையின் நிழல்கூடத் தங்கிவிடும்.

ஒரு வீட்டில் கதவுக்கு அடியில் நூல் பருமனுக்குக் காற்று வந்திருக்கிறது. தெரியவில்லை. பாலிஷ் முடிந்ததும் கதவிலிருந்து ஹாலுக்குள் விசிறி மாதிரி மயிரிழை வெடிப்புகள். வீட்டுக்காரர் நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை, மேலே ஒரு விரிப்பைப் போட்டுக்கொண்டார். கொரீனுக்கு அந்த விரிப்பைத் தாங்க முடியவில்லை. அந்த வீட்டு வழியாக வண்டியில் போவதையே விட்டுவிட்டாள். வெஸ்ஸிடம் சொன்னாள்:

"இனிமே என் தரைமேல காத்து மூச்சுகூட விடக்கூடாது."

"உத்தரவு, மகராணி," என்றான் வெஸ்.

அன்றிலிருந்து அவன் காற்றைப் பகையாளியாகவே நடத்தினான்.

குளிர்காலத்தில் கான்கிரீட் போட்டால் யாராவது ஒருவர் அதோடு தங்க வேண்டும். உறைந்தால் தரை போச்சு. ஹீட்டர் அணைந்தால் உறைந்துவிடும். அதனால் காவல். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வெஸ் மடக்குக் கட்டிலும், பிளாஸ்க் காப்பியும், இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த பாஸ்டியுமாகப் போய்ப் படுத்துக்கொள்வான். முன்பெல்லாம் சுவர் எழும்பும் முன்பே தரை போடுவார்கள். பிளாஸ்டிக் கூடாரம் கட்டி உள்ளே ஹீட்டர் வைப்பார்கள். கூடாரத்தில் ஆயிரம் ஓட்டை. அந்த ஓட்டைகள்தான் முப்பது வருஷமாக வெஸ்ஸைக் காப்பாற்றி வந்தன. அவன் அவற்றைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக அடைப்பான்.

இந்த வீடு வேறு மாதிரி. மின்னியாபொலிஸ் நகரத்தில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்காக ஏரிக்கரையில் கட்டியது. ஒரு முழம் கனத்துக்குச் சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், சுற்றிலும் ரப்பர் பதித்து, விட்டால் தானாகவே சாத்திக்கொள்ளும் கதவு. மெழுகுவத்தியை எங்கே பிடித்தாலும் சுடர் அசையாது. தரைக்குக் கீறல் விழக்கூடாது என்று சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் முடிந்த பிறகுதான் கான்கிரீட். பாய்லர் இன்னும் வந்து சேரவில்லை. வெளியே நின்று சூட்டை மட்டும் குழாய் வழியாக உள்ளே அனுப்பும் பெரிய ஹீட்டர் ஒன்று வாடகைக் கடையில் உண்டு. அது வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம ரெண்டு போதும்," என்றான் வெஸ். பீரங்கி வாய் மாதிரி இருக்கும் அவனுடைய பழைய ஹீட்டர்கள். வாயிலிருந்து நேராகத் தீ, தீயோடு சேர்ந்து புகையும் அறைக்குள்ளேயே வரும்.

வீட்டுக்காரருக்கு வேண்டிய நிறம் ஏரியின் முதல் பனிக்கட்டி நிறம். பனி விழுவதற்கு முன்னால், கறுப்பும் சாம்பலுமாக ஒரு வாரம் இருக்குமே, அது. அதற்குக் கற்கள் மேலே வரக்கூடாது. கான்கிரீட்டின் தோலை மட்டும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். தோல் கெட்டால் அந்த நிறம் இல்லை.

போடுவதற்கு முந்தின நாள் கொரீன் வீடு முழுக்க ஈர விரலை உயர்த்திக்கொண்டு நடந்தாள். வடக்கு அறையில் நின்றாள்.

"இங்க வருது."

"எங்க?"

"மேல. அந்த ஓட்டை."

சுவரில் உயரமாக, வெளிக்காற்று வருவதற்கென்று வைத்த குழாய். வெஸ் ஏணி போட்டு ஏறினான். கண்ணாடிப் பஞ்சை உருட்டி உள்ளே திணித்தான். மேலே டேப் ஒட்டினான். எதிர்ச் சுவரில் காற்று வெளியேறும் குழாய். அதையும் அடைத்தான்.

"இப்போ?"

கொரீன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்போ இல்ல."

கான்கிரீட் நன்றாக விழுந்தது. வெஸ் அதுவரை போட்டதிலேயே அதுதான் சிறந்தது என்று கொரீன் அன்று ராத்திரி போனில் மகளிடம் சொன்னாள். கடைசிச் சுற்று கரணை ஓட்டியபோது தரை ஜன்னலை அப்படியே திருப்பிக் காட்டியதாம். வெஸ் ஹீட்டர்களைப் பற்றவைத்தான். மூலை அறையில் தரை கெட்டியானதும் பலகை போட்டு, அதன்மேல் கட்டிலை விரித்தான். கொரீன் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை போன் செய்தாள்.

"எப்படி இருக்கு?"

"தரையா, நானா?"

"ரெண்டும்."

"தரை ராணி மாதிரி. எனக்குத் தலைக்குள்ள ரயில் ஓடுது."

"காப்பியக் குறை."

"குறைச்சா ரயில் நிக்குமா?"

"டிக்கெட்டாவது வாங்கிக்க."

வெஸ் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலானது. ஹீட்டர் இரைச்சலில் தூக்கம் கெட்டிருக்கும் என்று நினைத்தாள். ஊரில் காய்ச்சல் வேறு சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் யாரையும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "மோசமில்ல" என்பார்கள். கால் உடைந்தவனும் அதைத்தான் சொல்வான்.

அன்று பகலில் லைல் எட்டிப் பார்த்தான். ஏரிப் பாதையில் பனி தள்ளுகிறவன். ஊரின் தீயணைப்புப் படையிலும் சம்பளமில்லாமல் இருக்கிறவன். கதவைத் திறந்து நின்றான். வெப்பமும் ஈரமும் முகத்தில் அடித்தன. ஜன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன வெஸ், உள்ள சானா குளியலா? துண்டு எடுத்துட்டு வரட்டுமா?"

"கதவச் சாத்துடா! ஊரையே சூடாக்கணுமா?"

அங்கே குழந்தைகளுக்குப் பேச்சு வந்ததும் காதில் விழுகிற முதல் அதட்டல் அதுதான். லைல் சட்டென்று சாத்தினான். வெளியே நின்றே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கொரீன் தரையைச் சோதிக்க வந்தாள். ஜன்னல் விளிம்புகளில் வழிந்த தண்ணீர் கீழே பனிக்கட்டியாகத் தடித்திருந்தது. வெளியிலிருந்து பார்க்க வீடு வியர்த்து உறைந்த மாதிரி இருந்தது. உள்ளே கண் எரிந்தது. ஹீட்டர் வாயில் வழக்கமாக நீலமாகச் சீறும் தீ, நுனியில் மஞ்சளாகச் சோம்பிக் கிடந்தது. வெஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், கன்னமெல்லாம் சிவந்து.

"வந்துட்டியா," என்றான். கொஞ்சம் கழித்து மறுபடியும், "வந்துட்டியா."

கொரீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வெடிப்பு இல்லை. நிறம் ஒரே சீர். மண்டியிட்டாள். சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுத்து ஒரு கோடு இழுத்தாள். நல்ல தரையில் ஆணி வழுக்கும். இங்கே புதைந்தது. கோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைத் தூள். உள்ளங்கையால் தேய்த்தாள். கை வெளுத்தது. பத்தடி தள்ளிப் போய் மறுபடி கீறினாள். அங்கேயும் தூள்.

"புகை தின்னுருக்கு," என்றாள்.

"ம்?"

"வெஸ், தோல் முழுக்கச் சுண்ணாம்பாயிருச்சு. கைய வெச்சா ஒட்டுது. உன் ஹீட்டர் புகை தின்னுருக்குய்யா."

அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்: ஹீட்டர் புகை வெளியே போகாமல் தங்கினால் புதுக் கான்கிரீட்டின் மேல்தோல் இறுகாமல் மாவாகிவிடும். கொரீனுக்கும் தெரியும், வெஸ்ஸுக்கும் தெரியும். அது தரைக்கு வருகிற நோய் என்றுதான் அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

"கொஞ்சம்... அரைச்சு எடுத்துரலாம்," என்றான் வெஸ்.

"அரைச்சா கல்லு வரும். அவருக்குக் கல்லு வேணாம். ஏரி வேணும். இப்போ நான் எங்க போய் ஏரியக் கொண்டுவர்றது?"

"நீதான காத்து வேணாம்ன..."

"காத்து வேணாம்னா புகைய வெச்சுக்கச் சொன்னனா? முப்பது வருஷமா போடறே! இதுகூடத் தெரியாதா உனக்கு? நாசம் பண்ணிட்டே!"

வெஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வார்த்தை கிடைக்காமல் கையைக் கீழே போட்டான். அவன் வெட்கப்படுகிறான் என்று கொரீன் நினைத்தாள். அதுவும் அவள் கோபத்தைத்தான் ஏற்றியது.

"நான் போய் இறுக வைக்கிற மருந்து எடுத்துட்டு வரேன். ஒரு மூலையில ஊத்திப் பார்ப்போம். நீ எதையும் தொடாத."

"ஒரு தூக்கம் போடறேன், கோரி."

"போடு, போடு. அதத்தான் செஞ்சிட்டிருந்திருக்க."

கதவை இழுத்துச் சாத்தினாள். காற்று போகக்கூடாது என்பதற்காக, ரப்பர் ஒட்டும் சத்தம் கேட்கும்வரை.

வண்டியில் ஏறியதும் நெற்றியில் ஒரு இடி. வயிற்றைப் புரட்டியது. கோபத்தில் என்று எண்ணிக்கொண்டாள். கண்ணாடி மங்கலாக இருந்ததால் பக்க ஜன்னலை இறக்கி ஓட்டினாள். குளிர் முகத்தில் அறைந்தது. பெரிய சாலையில் ஏறும்போது தலை தெளிந்திருந்தது. ஓரமாக நிறுத்தி மகளைக் கூப்பிட்டாள்.

பிரிட்டா டுலூத் நகரத்தில் கட்டடங்களுக்குச் சூடும் காற்றும் கணக்குப் போடுகிற இஞ்சினியர். வேலை நேரத்தில் அம்மா கூப்பிட்டதே இல்லை.

"என்னம்மா?"

"உங்கப்பன் ஒரு நல்ல தரையக் கொன்னுட்டான். பாய்லர் வந்தா எத்தன நாள்ல சூடு விடலாம்? மருந்து இறங்கறதுக்கு அடியிலேர்ந்து சூடு வேணும்."

"தரைக்கு என்ன ஆச்சு?"

"மேல வெள்ளை மாவு. வீடு முழுக்க. புகை."

"என்ன ஹீட்டர் வெச்சிருக்காரு?"

"நம்ம பழசு ரெண்டும்."

"உள்ளயா?"

"உள்ளதான். வேற எங்க?"

"அந்த வீட்டுக்குத் தனியா காத்துக் குழாய் இருக்கணுமே. ஓடுதா?"

"அது என் தரைமேல அடிச்சுது. பஞ்சு வெச்சு அடைச்சாச்சு."

பிரிட்டா எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, ஜன்னல்ல தண்ணி வழியுதா?"

"ஐஸா தொங்குது. அத விடு, நான் கேக்கறது..."

"அப்பா எங்க?"

"அங்கதான். தலைவலியாம். தூங்கறான்."

பிரிட்டா பக்கத்து மேஜைப் போனை எட்டி இழுத்தாள். அந்த இடைவெளியில் கொரீனுக்கும் புரிந்துவிட்டது. அவள் தன் வெளுத்த உள்ளங்கையைப் பார்த்திருக்க வேண்டும். போனில் அவளுடைய மூச்சு நின்றது கேட்டது. அப்புறம் கியர் விழும் சத்தம்.

"அம்மா, உள்ள போகாதீங்க. கேக்குதா? வெளிய நின்னு ஜன்னல உடைங்க. கேஸ் சிலிண்டர் வெளியதானே இருக்கு, அத மூடுங்க. நான் இங்கேர்ந்து ஆம்புலன்ஸக் கூப்பிடறேன். நீங்க உள்ள போகக்கூடாது. உங்களுக்கு இதயத்துல ஸ்டென்ட் வெச்சு ஒரு வருஷம்கூட ஆகல."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னு சொல்றேன்ல. ரோட்டப் பாக்க விடு."

பிரிட்டா பக்கத்து மேஜைப் போனில் அவசர எண்ணைக் கூப்பிட்டாள். ஏரிப் பாதை, பல் மருத்துவர் வீடு, ஹீட்டர் புகையால் கார்பன் மோனாக்சைடு விஷம், உள்ளே ஒருவர். ஆல்டரின் தீயணைப்புப் படை வர இருபது நிமிஷமாவது ஆகும் என்றார்கள். எல்லோரும் அவரவர் வேலையிலிருந்து கிளம்பி வர வேண்டியவர்கள். கொரீன் போனை அணைக்கவில்லை. மேலங்கியின் மார்புப் பையில் போட்டிருந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததில் பிரிட்டாவுக்குத் தெரிந்ததெல்லாம் காதில் விழுந்தது மட்டும்தான்.

வண்டிக் கதவு. பனியில் ஓட்டம். உலோகம் கிரீச்சிட்டது, சிலிண்டரின் திருகு. ஒன்று, பிறகு இன்னொன்று. ஹீட்டர்களின் இரைச்சல் அடங்கியது. பிறகு கடப்பாரை கண்ணாடியில் விழுந்தது. மறுபடி. மறுபடி. மூன்றடுக்கு. அந்த வீட்டை அவ்வளவு கெட்டியாகக் கட்டியிருந்தார்கள். கடைசியில் உடைந்தது.

"வெஸ்!"

கடப்பாரை கீழே விழுந்தது.

"வெஸ்! யோவ்!"

"அம்மா, போகாதீங்க," என்றாள் பிரிட்டா. "அம்மா. அம்மா, அஞ்சு நிமிஷம். அவங்க வந்துருவாங்க."

ரப்பர் பிரியும் சத்தம். கதவு திறந்தது. காலடிச் சத்தம் மாறியது. பனிக்குப் பதில் கான்கிரீட். உள்ளே போய்விட்டாள்.

"எந்திரி. யோவ், எந்திரிய்யா. மலை மாதிரி கிடக்கறியே." ஏதோ விழுந்தது, கட்டிலாக இருக்கும். "உன்னய யாரு இவ்ளோ திங்கச் சொன்னா? அந்த பாஸ்டிய எல்லாம் நானா கட்டித் தூக்கணும்? வா. வா. அப்படித்தான்."

இழுக்கும் சத்தம். கம்பளியில் போட்டு இழுத்திருக்கிறாள். அவனுடைய எடையை அவள் வேறெந்தத் தரையிலும் இழுத்திருக்க முடியாது. பலகைத் தரையில் மாட்டியிருக்கும், கம்பளத்தில் நகர்ந்திருக்காது. வெஸ் கரணை போட்ட தரை. அவன் அதில் வழுக்கிக்கொண்டு வந்தான்.

நடுவில் இரண்டு தடவை நின்றாள். மூச்சு விசில் மாதிரி வந்தது.

"அம்மா, விட்டுட்டு வெளிய வாங்க. காத்து வாங்கிட்டு மறுபடி போங்க."

கொரீன் மகளுக்குப் பதில் சொல்லவில்லை. வெஸ்ஸிடம்தான் பேசினாள். குரல் இப்போது திட்டவில்லை.

"தரை நல்லாத்தான்யா இருக்கு. கேக்குதா? நல்லா இருக்கு. நான் சும்மா கத்தினேன். எந்திரி."

மறுபடியும் இழுவை. கதவு. அவளுடைய ஒரு பெரிய முனகல், பாரம் ஒன்றைத் தள்ளிவிடுகிற முனகல். பனியில் ஏதோ பொத்தென்று விழுந்தது.

பிறகு ரப்பர் ஒட்டும் சத்தம். அந்த வீட்டுக் கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ளும்படி பொருத்தப்பட்டவை.

பிரிட்டா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன் ஒரு வீட்டின் அமைதியை அனுப்பிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து தூரத்தில் சைரன்.

லைல்தான் முதலில் வந்தான். வெஸ் வாசலுக்கு வெளியே பனியில் குப்புறக் கிடந்தான், பாதி உடம்புக்கு அடியில் கம்பளி. மூச்சு இருந்தது. கொரீன் கதவுக்கு உள்பக்கம், பூட்ஸ் கழற்றுகிற இடத்தில் கிடந்தாள். அவளுக்கு மூச்சு இல்லை. லைல் அவளை வெளியே கொண்டுவந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பை அழுத்திக்கொண்டிருந்தான். வந்த பிறகும் அழுத்தினான். விலக்கிவிட வேண்டியிருந்தது. விஷக்காற்றும் இவ்வளவு பாரமும் சேர்ந்தால் நல்ல இதயமே தாங்காது என்றார் மருத்துவர். உடைத்த ஜன்னல் வடக்கு அறையில். வாசல் பக்கத்துக் காற்று அதற்குள் மாறியிருக்கவில்லை.

வெஸ்ஸை டுலூத்துக்குக் கொண்டுபோய் அழுத்த ஆக்சிஜன் அறையில் வைத்தார்கள். மறுநாள் பகலில் கண் திறந்தான். ஜன்னலுக்கு வெளியே பெரிய ஏரி, கரையோரம் உறைய ஆரம்பித்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பிரிட்டா. வெஸ்ஸுக்குத் தன் வாயில் நாக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"தரை வெடிச்சிருச்சா?"

"இல்லப்பா. வெடிக்கல."

"அவ ரொம்பக் கோவமாப் போனா."

பிரிட்டா தலையசைத்தாள். முதலில் மருத்துவர் வரட்டும், அவர் இருக்கும்போது சொல்லலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மருத்துவர் வர இன்னும் நேரம் இருந்தது.

"உங்கிட்ட போன் பண்ணினாளா? என்ன சொன்னா?"

பிரிட்டா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் இடுக்குகளில் சிமென்ட் காய்ந்திருந்தது, யாரும் கழுவவில்லை.

"தரை நல்லா இருக்குன்னு சொன்னாங்கப்பா. சும்மா கத்தினேன்னாங்க."

வெஸ் அதை யோசித்தான். முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாக ஏறியது.

"பொய் சொல்றா," என்றான். "வரச் சொல்லு அவள. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."